அரை மீட்டர் கறுப்பு வயர்

ஒரு ஆளின் இடது பாதத்துக்கு விலை ஒன்பது. என் கடையில் அன்றைக்கு அதுதான் ரேட். கறுப்பு வயர் மீட்டர் பதினெட்டு, அரை மீட்டர் ஒன்பது, கூட்டல் கழித்தலில் பிழை கிடையாது. அந்த ஒன்பதுக்கு நான் விற்கவில்லை, அவனும் வாங்கவில்லை. இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் சரக்கு ஆணியிலேயே தொங்கும், வேறென்ன ஆகிவிடும் என்று இருந்தோம்.

என்னுடையது வண்டி உதிரிபாகக் கடை. சாலையைத் தாண்டினால் எதிர்ச் சாரியில் கரண்ட்டின் பட்டறை. அவன் வண்டி எலக்ட்ரீஷியன். கரண்ட் என்ற பெயர் அவன் தொழிலுக்கு வைத்ததா, கோபத்துக்கு வைத்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி. பதினைந்து வருஷமாக அவனுக்குச் சரக்குப் போடுகிறேன். ஒரு நாள்கூட நான் சொன்ன விலையை அவன் கொடுத்ததில்லை, அவன் கேட்ட விலைக்கு நான் இறங்கியதும் இல்லை. பேரம் முடிய ஒரு டீ ஆகும். டீக்காசு யார் கொடுப்பது என்று இன்னொரு பேரம் நடக்கும். அது ஒரு உறவு. அதற்குப் பெயர் தெரியாததால் வியாபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவனுடைய அக்காள் புருஷன் ஒரு பழைய நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருந்தார். மலைமேல் மரம் வெட்டுகிற கூட்டத்தையும் அவர்களுடைய ரம்பங்களையும் ஏற்றிப்போவது, வெட்டிய மரத்தைச் சங்கிலி போட்டுக் கீழே இழுத்து வருவது, இதுதான் பிழைப்பு. மேலே மரங்கள் நெருங்கி நிற்கும். பகலிலேயே நாலடி தள்ளி நிற்கிற ஆள் முகம் தெரியாது. கூடுதல் விளக்கு போட்டுக் கொடு மாப்ள, என்ஜினை நிறுத்தினாலும் எரிகிற மாதிரி வேண்டும், சங்கிலி மாட்டும்போது டீசல் வீணாகக் கூடாது என்று மச்சினனிடம் கேட்டார். கரண்ட் ஒப்புக்கொண்டான். சாமான் காசு மட்டும் போதும், கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

அந்த வேலையை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கூலி இல்லாத வேலையை அவன் அத்தனை அக்கறையாகச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை. கூரைக் கம்பியில் நாலு விளக்கு. கல் தெறித்தால் உடையாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ், அதிலிருந்து தடித்த சிவப்பு வயர் ரிலேவுக்கு. தகரத்தைத் துளைத்து வயர் போகிற இடத்தில் ரப்பர் வளையம். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டி, மேலே குழாய் மாட்டி, தீக்குச்சி காட்டிச் சுருக்கினான். இழுத்துப் பார்த்தான். பிறகு அக்காள் வீட்டு வண்டி என்று நினைவு வந்ததுபோல் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மிச்சம் இருந்தது ஸ்விட்ச். அதற்கு மூன்று முனை. ஒன்றில் கரண்ட் வரும், ஒன்றில் போகும், மூன்றாவதிலிருந்து ஒரு துண்டு வயரை வண்டியின் இரும்புக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் எர்த். அதைக் கொடுக்காவிட்டாலும் விளக்கு ஜம்மென்று எரியும். ஸ்விட்ச்சின் நெற்றியில் இருக்கிற சிவப்புப் பொட்டு மட்டும் எரியாது. விளக்கு போட்டிருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குச் சொல்வது அந்தப் பொட்டு ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து அவனிடம் கறுப்பு வயர் தீர்ந்துவிட்டது.

அன்று காலைதான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. முன்பு வாங்கிய ஒரு ரிலேவைத் திருப்பிக் கொண்டுவந்து, இது செத்தது, வேறு கொடு என்றான். நீதான் கொன்றாய், என் சாமான் உயிரோடுதான் வந்தது என்றேன். பேச்சு தடித்துவிட்டது. அதனால் அவன் வந்து அரை மீட்டர் கறுப்பு கேட்டபோது, என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. அறுத்துத் தருவதை நிறுத்திவிட்டேன், வேண்டுமானால் முழுச் சுருளாக வாங்கு என்றேன். தொண்ணூறு மீட்டர் சுருள். அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அத நீயே கழுத்துல சுத்திக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். நான் சிரித்தேன். நாளைக் காலை வருவான், ஒன்பதை ஏழு என்பான், எட்டுக்குக் கொடுப்பேன் என்று என் கணக்கு.

பட்டறையில் சிவப்பு வயர் கிடந்தது, கஜக்கணக்கில். அதில் ஒரு துண்டை வைத்திருந்தாலும் அந்தப் பொட்டு எரிந்திருக்கும், மின்சாரத்துக்கு நிறம் தெரியாது. ஆனால் எர்த்துக்குச் சிவப்பு போடுகிறவன் தொழில்காரனே இல்லை என்பது கரண்ட்டின் சட்டம். நாளைக்கு வேறொருவன் அந்த வயரைத் தொட்டு ஏமாந்துபோவான் என்பான். அது நியாயமும்கூட. தப்பாகச் செய்யக்கூடாது என்று செய்யாமலே விட்டான். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று முனையைக் காலியாக வைத்து, ஸ்விட்ச் இருக்கிற முன்பலகையைத் திருகி மூடிவிட்டான்.

வண்டியை எடுக்க வந்தது அக்காள் புருஷனின் மகள். இருபத்தொரு வயது, லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். குழந்தையிலிருந்து அப்பா போகும் இடமெல்லாம் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போவாள் என்பதால் அவர் அவளை ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஸ்விட்ச்சை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பு எரியாதா மாமா என்று கேட்டாள். அது சும்மா அலங்காரம்மா என்றான் தாய்மாமன். சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

பதினாறு நாள் கழித்து, ஒரு மழை ஓய்ந்த காலையில், ஸ்டெப்னி வண்டியைக் கழுவினாள். உள்ளே ஈரத்துணியால் துடைத்தபோது ஸ்விட்ச் அமுங்கியிருக்கிறது. மூடி போட்ட விளக்கு, வெயில் வேறு. யாருக்கும் தெரியவில்லை. அவள் அப்பா ஓட்டிப்போய் எட்டு மணிக்கு மலைமேல் நிறுத்தினார். என்ஜின் நின்றது, நாலு விளக்கும் மூடிக்குள் எரிந்துகொண்டே பேட்டரியைக் குடித்தன. பன்னிரண்டரைக்கு ஒரு மரம் சரிவில் உருண்டு அவர் இடது பாதத்தின்மேல் ஏறி நின்றது.

மரத்தைப் புரட்டி அவரைத் தூக்கி வண்டியில் கிடத்திச் சாவியைத் திருப்பினால், டக் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. ஆறு பேர் தள்ளினார்கள். சேற்றில் அச்சு வரை இறங்கியிருந்தது, அசையவில்லை. போனுக்குச் சிக்னல் கிடையாது. பலகையில் கிடத்தித் தோளில் சுமந்து தார்ச்சாலைக்கு வர இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனையில் சொல்லக்கூடாத ஒரு வாக்கியம் உண்டென்றால் அது இதுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் தேடினார்கள்.

மேலே இருந்த ஒருவன் விளக்கின் மூடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். சூட்டில் அது வளைந்துபோயிருந்தது. ஸ்விட்ச்சை யார் தொட்டது என்று கேள்வி வந்தது. காலையில் பிள்ளை வண்டி கழுவினாள் என்று அப்பா கட்டிலில் படுத்தபடி சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அவரை முந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது. பார்க்க வந்த சித்தப்பாமார்கள், பக்கத்து வீட்டார், மரக்கூட்டத்தார் எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். பெண்பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்கள். அவரும் அவளை ஸ்டெப்னி என்று கூப்பிடுவதை நிறுத்தினார். சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் மட்டும் யோக்கியனா. கடையில் கூட்டம் நிற்கும்போது சொல்ல ஒரு கதை கிடைத்தால் எனக்கு வியாபாரம் ஓடும். வண்டியைத் துடைக்கச் சொன்னால் அப்பன் காலையே துடைத்துவிட்டாள் என்று ஒரு தரம் சொன்னேன். சிரித்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல வாக்கியம் மெருகேறியது.

கரண்ட்டின் நடவடிக்கை அந்த வாரத்திலிருந்து மாறியது. நான் நூறு என்றால் நூறை எடுத்து வைத்தான். டீ வேண்டாம் என்றான். சொன்ன விலையைப் பேசாமல் கொடுக்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை அவன் மனதில் வேறு ஏதோ அரிக்க வேண்டும். அக்காள் புருஷனுக்கு இப்படி ஆனதில் மனசு உடைந்துவிட்டான் என்று நினைத்து, நான் இரண்டு மூன்று சாமானில் விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கூடப் பார்த்தேன். அதையும் கொடுத்தான். தினமும் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்வந்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், நல்ல வெயில், அவன் வந்து அரை மீட்டர் கறுப்பு வயர் கேட்டான். கத்தரியை எடுத்தபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. எதற்கு என்றேன். வண்டியை விற்கச் சொல்லியிருக்கிறார் அத்தான், நான்தான் தரகரைப் பிடித்தேன், நாலு மணிக்கு முன்பணத்தோடு வருகிறார் என்றான். பிறகு ஸ்விட்ச், காலி முனை, எரியாத பொட்டு எல்லாவற்றையும் சொன்னான். வாங்கப்போகிறவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் நேற்று பலகையைத் திறந்தானாம். திறக்காமலே தெரியும் என்றும் அவனே சொன்னான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மூடி வளைந்த கதையைக் கேட்ட நிமிஷமே தெரியும். அன்றே சொல்லியிருக்கலாம், அத்தானுக்கு மயக்கம் தெளியட்டும் என்று பார்த்தான். தெளிந்த பிறகு கட்டுப் பிரிக்கட்டும் என்று பார்த்தான். அதற்குள் எல்லோரும் பிள்ளையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவங்க சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்றான். "அதான் என்னால தாங்க முடியல."

நான் வயரை அறுத்தேன். காசு வேண்டாம் என்றேன். ஒன்பதை எண்ணி மேஜையில் வைத்தான். "நீயும் வா, தனியாப் போனா திரும்பி வந்துருவேன்" என்றான். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வியாழக்கிழமை மதியம் நான் கடையைச் சாத்தியது என் கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

அவன் அக்காள் வீடு முன்னறை, சமையலறை, பின்னால் ஒரு சின்ன முற்றம், அவ்வளவுதான். முன்னறையில் கட்டிலும் தையல் மெஷினும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். அக்காள் மெஷினில் ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தாள். வருமானம் நின்றதிலிருந்து இரண்டு மடங்கு துணி எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மருந்து வாடையோடு புதுத்துணி வாடையும் சேர்ந்து அடித்தது. அத்தான் சுவரோடு சாய்ந்திருந்தார். போர்வைக்கு அடியில் வலது பக்கம் ஒரு மேடு, இடது பக்கம் அது இல்லை. நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

கரண்ட் உள்ளே நிற்கவில்லை. நேரே முற்றத்துக்குப் போய், வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து, பலகையைக் கழற்றினான். பத்து நிமிஷ வேலை. மூன்றாவது முனையில் கறுப்பு வயரைப் பொருத்தி, மறுமுனையை இரும்பில் முறுக்கினான். பேட்டரியை மாட்டி ஸ்விட்ச்சை அழுத்தினான். பொட்டு எரிந்தது. மிளகாய் விதை அளவு வெளிச்சம்.

சமையலறை வாசலில் ஸ்டெப்னி நின்றிருந்தாள். கையில் பாத்திரம் தேய்த்த நுரை.

"எரியுது" என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

"அலங்காரம்னு சொன்னீங்க, மாமா."

"பொய் சொன்னேன்மா. வயர் இல்ல. கடைக்காரன்கிட்ட ரோஷம்."

"தெரியும். மூடி சூடா இருந்துச்சுன்னு சொன்னாங்கள்ல, அப்பவே தெரியும்."

அவன் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்தான். நெற்றியில் பலகையின் விளிம்பு இடித்த தடம். "தெரிஞ்சும் ஏன்மா வாயத் தொறக்கல? இத்தனை பேர் இத்தனை பேசினாங்களே."

"நான் அழுத்தினது அழுத்தினதுதானே." கைநுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அதுவும் இல்லாம, நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். தினம் பழத்தோட வருவீங்க. இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு நெனைப்பேன். பழத்த வெச்சிட்டுப் போயிருவீங்க."

அவன் வண்டியிலிருந்து இறங்கினான். நேராக முன்னறைக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். நடுவில் மெஷின் நின்றது. அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், அடிங்க அத்தான் என்றான்.

"எந்திரிச்சு வந்து அடிக்கிற நெலமையிலயா இருக்கேன்" என்றார் அவர். "பக்கத்துல வா." போனான். அடிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அவன் முகத்தைப் பார்த்து, ஏதோ வாங்கப்போகிற சாமானைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"உன்கிட்ட செவப்பு வயர் இருந்துச்சா, மாப்ள?"

"இருந்துச்சு."

"அதப் போட்டிருந்தா எரிஞ்சிருக்குமா?"

"எரிஞ்சிருக்கும்."

"அப்புறம்?"

"எர்த்துக்குச் செவப்பு போடக்கூடாது, அத்தான்."

அவர் சிரித்தார். முதலில் மூச்சு மாதிரி வந்தது, பிறகு கட்டில் ஆடியது. அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை. அடங்கியதும் தலையணைக்கு அடியில் கையை விட்டுச் சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். எந்தப் பெயரில் கூப்பிடுவது என்று தெரியாத மாதிரி மூடிக்கொண்டார். கடைசியில் சாவியைக் கட்டிலின் ஓரத்தில், அவள் பக்கமாக வைத்தார்.

அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்குத் தரகர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோதும் சாவி அங்கேதான் கிடந்தது. அவள் வாசலுக்குப் போய், வண்டி விற்பதாக இல்லை என்றாள். வீட்டு ஆம்பளைகிட்டப் பேசிக்கிறேன் என்று அவர் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அத்தான், "வீட்ல சொல்லிட்டாங்கல்ல" என்றார். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நானும் அந்த நேரத்தில்தான் என் பங்கைச் சொன்னேன். வயரை அறுத்துத் தர மாட்டேன் என்று சொன்னவன் நான் என்று. பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டதாக எனக்குள் ஒரு நினைப்பு. அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, தம்பியைத் திட்டவும் இல்லை.

"வயர் சங்கதி இருக்கட்டும்ணே" என்றாள். "மெஷினுக்கு ஆயில் வாங்கிட்டு வாடின்னு ஒரு நாள் இவள உங்க கடைக்கு அனுப்புனேன். வெறுங்கையோட வந்தா. ஏன்டின்னா பேசல. பக்கத்து வீட்டுக்காரர்தான் அப்புறம் சொன்னார், கடையில என்ன பேச்சு நடந்துச்சுன்னு. இவ வெளியில நின்னு முழுசாக் கேட்டிருக்கா." ஊசியில் நூல் கோத்தாள். "எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க?"

நான் விரலை மடக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.

"கணக்குல நீங்க கெட்டிக்காரர்னு சொல்லுவாங்க. எண்ணிப் பாருங்க" என்றாள். மெஷினை மிதித்தாள். தம்பி பக்கம் திரும்பாமல், நீயும்தான்டா, சித்தப்பா வீட்டிலிருந்து ஆரம்பி, ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வா, அப்புறம் பழம் கொண்டுவரலாம் என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவன் அன்றே கிளம்பினான். நான் கடைக்கு வந்து, பில் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுத உட்கார்ந்தேன். லாரி டிரைவர், பெயிண்டர், டயர் கடைக்காரர், அவர் மைத்துனர், வசூலுக்கு வருகிற ஆள் என்று நினைவு வர வர எழுதினேன். எட்டு ஒன்பது இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மாலை வரை பேர் வந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொருவராகப் பிடித்து, அது அந்தப் பிள்ளை தப்பில்லை, வயர் தப்பு, அதில் நானும் உண்டு என்று சொல்லிவருகிறேன். பொய்யைக் கூட்டமாக நிற்கும்போது சொன்னேன், அது தானாகப் போய்ச் சேர்ந்தது. இதை ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் பாதியிலேயே போனைப் பார்க்கிறார்கள். மூன்று வாரமாக அவள்தான் மலைக்கு வண்டி ஓட்டுகிறாள். என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எழுந்து நிற்பேன். வண்டி நிற்காது.

இன்றைய தேதிக்கு நிலவரம் இது. சொன்னது மொத்தம் இருபத்து மூன்று பேருக்கு. தேடிப்போய்த் திருத்தியது பதினாறு. கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனவர்கள் நாலு, அவர்களைத் தீர்ந்ததில் எழுதுவதா தீராததில் எழுதுவதா என்று விளங்கவில்லை. வேலை மாறி வெளியூர் போனவர்கள் இரண்டு. மிச்சம், கடைக்கு வெளியே நின்று கேட்ட ஒரு ஆள். பாக்கி ஒன்று.